அந்தலூசியா: ஓர் இரங்கற்பாவும் அது சொல்லாத கணக்கும்

முஸ்லிம் ஸ்பெயினைப் பற்றித் தமிழில் வருகின்ற கட்டுரைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. 711இல் தாரிக் பின் ஸியாத் கடல் கடந்தார்; கொர்தோவா ஒளிர்ந்தது; ஆட்சியாளர்கள் ஆடம்பரத்தில் மூழ்கினார்கள்; 1492இல் கிரனடா விழுந்தது. மீலாத் விழாப் பேச்சுப் போட்டிகளில் எங்கட பிள்ளைகளும் இதையேதான் மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள். கேட்பவர் கண் கலங்கும். ஆனால், ஏன் விழுந்தது என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "பாவம் செய்தார்கள், விழுந்தார்கள்" என்பதற்கு மேல் பதில் வராது.

இந்தத் தொனியின் மிகச் சிறந்த வடிவம் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. ரொந்தா நகரத்து அபுல் பகா அர்ருந்தி பாடிய இரங்கற்பா அது. நிலையாமையில் தொடங்கி, அழிந்துபோன பழைய அரசர்களை நினைத்து, கைவிட்டுப்போன நகரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிறது. பள்ளிவாசல்களின் கதியைச் சொல்லி, கடலுக்கு அப்பாலுள்ள முஸ்லிம்களை உதவிக்குக் கூப்பிட்டு, சிறைபிடிக்கப்பட்டவர்களின் துயரத்தோடு முடிகிறது. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்த ஓசை அந்நியமாகத் தெரியாது. அரபுக் கவிதையில் இதற்குள்ள இடத்தை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கவிதை எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்த்துத்தான் ஆகணும்.

கொர்தோவா 1236இலும் வலன்சியா 1238இலும் வீழ்ந்தன. 1246இல் கிரனடா அரசை நிறுவிய முஹம்மத் இப்னுல் அஹ்மர், ஜயேன் நகரை கஸ்டீல் மன்னன் மூன்றாம் பெர்டினாண்டிடம் ஒப்படைத்தார். அவனுக்குத் திறை கட்டவும் போர்க்காலத்தில் படை அனுப்பவும் உடன்பட்டார். அடுத்த ஆண்டே பெர்டினாண்டு செவிலை முற்றுகையிட்டான். ஒரு வருடத்துக்கும் மேலாக நீடித்த அந்த முற்றுகையில் முஸ்லிம் நகருக்கு எதிராகக் கிரனடாவின் முஸ்லிம் குதிரைப்படையும் நின்றது. 1248இல் செவில் விழுந்தது. அர்ருந்தி இத்தனையையும் அறிந்த காலத்தவர். கிரனடா அரசவையோடு தொடர்புள்ளவர். முஸ்லிம்களுக்கிடையே ஏன் இந்தப் பிளவு என்று அவருடைய கவிதை கேட்கிறது, உண்மை. ஆனால் அந்தக் கேள்வி கடலுக்கு அப்பால் பார்த்துக் கேட்கப்படுகிறது. தன் வீட்டு வாசலில் நின்ற குதிரைகளைப் பற்றிப் பேச்சில்லை. பழி காலத்தின் மீது போகிறது. பாரி மகளிரின் பாட்டோ தங்கள் குன்றைக் கொண்டவர் யார் என்பதை மறைக்கவில்லை.

அவைக்கு வேண்டிய புலவர் வேறென்ன செய்வார் என்று கேட்கலாம். அதே மண்ணில் வேறு விதமாக எழுதியவர்களும் இருந்தார்கள் என்பதுதான் பதில்.

1031இல் கொர்தோவாக் கிலாபத் இல்லாமல் போனபின், நாடு சிற்றரசுகளாகச் சிதறியது. ஒவ்வொரு சிற்றரசரும் பக்கத்து முஸ்லிம் அரசருக்கு அஞ்சி, வடக்கிலிருந்த கிறிஸ்தவ மன்னனுக்குப் பொன் கொடுத்துப் பாதுகாப்பு வாங்கினார். அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? ஷரீஅத் விதிக்காத வரிகளிலிருந்து. இப்னு ஹஸ்ம் (994–1064) இதைக் கண்முன்னே பார்த்தவர். சந்தையில் விற்கிற பொருளுக்கும் முஸ்லிம்களின் தலைக்கும் வரி விதித்தவர்களையும், கோட்டைகளை எதிரிக்குக் கொடுத்தவர்களையும் அவர் நேரடியாகவே கண்டித்து எழுதினார்.

இன்னும் ஒரு சாட்சி, அந்தச் சிற்றரசர்களில் ஒருவரே. 1073 முதல் 1090 வரை கிரனடாவை ஆண்ட ஸீரி வம்சத்து அப்துல்லாஹ் பின் புலுக்கீன், முராபிதூன்களால் பதவியிறக்கப்பட்டு மொரோக்கோவின் அக்மாத்தில் இருந்தபடி 'அத்திப்யான்' என்ற தன் வரலாற்றை எழுதினார். முஸ்லிம் அரசர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டு, பணத்தைக் கறந்து, களைத்துப்போனதும் நிலத்தை எடுப்பதே ஆறாம் அல்போன்ஸோவின் திட்டம் என்று அவர் விளங்கியிருந்தார். விளங்கிக்கொண்டே திறையும் கட்டினார். கட்டாவிட்டால் பக்கத்து அரசர் கட்டி, அல்போன்ஸோவைத் தன் மேல் ஏவிவிடுவார் என்ற பயம். 1085இல் டொலேடோ போனது.

தன்னை நியாயப்படுத்தவும் எழுதிய புத்தகம்தான் அது. ஆனாலும் வீழ்ச்சி எப்படி நடந்தது என்பதை எந்த இரங்கற்பாவையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது. வரி கூடக் கூட மக்கள் விலகினார்கள். சட்டவிரோத வரிகளை நீக்குவதாகச் சொல்லி வந்த முராபிதூன்களை அதனால்தான் பலர் வரவேற்றார்கள்.

ஆடம்பரம்தான் காரணம் என்கிற விளக்கம் இங்கே போதாது. செவிலின் அல்முஃதமித் கவிஞர், களியாட்டங்களுக்குப் பேர்போனவர். 1086இல் ஸல்லாக்காப் போரில் முன்னின்று போரிட்டவரும் அவர்தான். தனிமனிதரின் பாவத்தை எண்ணிக்கொண்டிருந்தால், ஒருவரை ஒருவர் நம்ப முடியாத அந்த அரசியல் அமைப்பு கண்ணில் படாது.

அழுகை தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இழந்த ஊரைப் பெயர் சொல்லி நினைப்பதும் ஒரு சமூகத்தின் கடமைதான். ஆனால் அர்ருந்தியை மட்டும் படிக்கிற மாணவனுக்கு வரலாறு என்பது மேலிருந்து விழுகிற இடி. இப்னு ஹஸ்மையும் அப்துல்லாஹ்வையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், அது மனிதர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கைகளும் சந்தையில் அறவிட்ட வரிகளும் என்று தெரியவரும். இடியைத் தடுக்க யாராலும் முடியாது. உடன்படிக்கையில் யார் எதற்குக் கையொப்பமிட்டார் என்று கேட்க, உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கிற ஒரு பிள்ளையாலும் முடியும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்காத அந்தலூசியாக் கட்டுரைகள் இன்னும் எத்தனை வந்தாலும் எங்களுக்குக் கண்ணீர் மட்டும்தான் மிஞ்சும்.