அகதிச் சட்ட ஆராய்ச்சியும் பொருளுதவியும்

புலவரைப் புரவலர் காத்தனர். பாடாண் திணை வளர்ந்தது. பொருள் கொடுப்போன் வாயில் பாடுபொருளையும் ஓரளவு வகுத்துவிடும் என்பது தமிழிலக்கியம் பயின்றோர்க்குப் புதிய செய்தியன்று. கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கும் இது பொருந்துமோ என்னும் ஐயத்தை அகதிச் சட்டத்துறையில் எழுப்புவது, தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச சட்டம் கற்பித்த பேராசிரியர் பி. எஸ். சிம்னி 1998இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரை. அகதியியலின் பின்னுள்ள உலக அரசியலைத் தென்னாடுகளின் பக்கம் நின்று நோக்குவது அது.

அவர் வாதம் யாதெனின்: பனிப்போர்க் காலத்தில் கிழக்கைரோப்பாவினின்று ஓடிவந்தோர் மேற்குநாடுகளுக்கு அரசியற் பயன் உடையவராயினர், அவர்க்குப் புதுநாட்டிற் குடியேற்றமே தீர்வெனப்பட்டது. ஆசிய ஆபிரிக்க மக்கள் வரத் தொடங்கிய பின்னரோ, இவர் வேறுவகையினர் என்னும் கதை புனையப்பட்டது. தீர்வும் தாய்நாடு திரும்புதல் என மாறிற்று. ஆராய்ச்சியாளரும் பெரும்பாலும் அவ்வழியே சென்றனர்.

வரலாறு இதற்கு அரண் செய்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அவ்வாண்டு சனவரி 1ஆம் திகதிக்கு முன் நிகழ்ந்தவற்றால் அகதியானோரையே கருதிற்று. அந்நிகழ்ச்சிகளை ஐரோப்பாவளவில் நிறுத்திக்கொள்ளவும் அரசுகளுக்கு இடமளித்தது. கால எல்லை நீங்கியது 1967இலே. 1953இல் வெளிவந்த சாக் வெர்னானின் அகதிகள் பற்றிய பெருநூலும் ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் உயர் ஆணையாளர் முயற்சியால், றொக்பெல்லர் நிதியத்தின் பொருள்கொண்டு இயன்றது. நிருவகிப்போரே ஆராய்ச்சியையும் தூண்டினர். 2015இல் அகதிகள் பெருந்தொகையாக ஐரோப்பா புகுந்த பின், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதி குடிப்பெயர்வை நோக்கிப் பெருகியதும் நினைக்கத்தக்கது. இத்தகைய திட்டங்களில் தலைப்பு முன்னரே வகுக்கப்படும்; மாணவன் பின்னரே தேடப்படுவான்.

ஆயினும், மேற்கின் கையை இத்துணை நுணுகிக் கண்ட கட்டுரை தெற்கின் வெறுங்கையை அவ்வளவு நுணுகிக் காணவில்லை. இந்தியாவும் இலங்கையும் அவ்வுடன்படிக்கையிற் சேரவில்லை. 1983இன் பின் தமிழகஞ் சென்ற ஈழத்தமிழர், அகதிகட்கெனத் தனிச்சட்டமின்றி, 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழேயே நெடுங்காலம் வாழ்ந்தனர். அதனால் தமிழர்தம் அச்சத்தின் இலக்கணம் இலண்டனில் வகுக்கப்பட்டது. 1987 திசம்பரில், தமிழர் அறுவரின் வழக்கில், அச்சம் உள்ளத்தில் இருத்தல் மட்டும் போதாது, புறநிலையில் அதற்கு அடிப்படை வேண்டும் எனப் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்தது. இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்ட தமிழர் ஐவர் தொடுத்த வழக்கில், பிரித்தானியா தவறிழைக்கவில்லை என 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறிற்று. இவ்விரு தீர்ப்புகளும் இன்று இத்துறை மாணவர்க்குப் பாடம்.

தீர்ப்பைக் கற்பது எளிது. தீர்ப்புக்கு முன் அகதி சொன்னதைக் கற்பதே அரிது. அவ்வாக்குமூலங்கள் தமிழிற் சொல்லப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் வாய்வழி ஆங்கிலமாகிப் பிறநாட்டுக் கோப்புகளிற் கிடக்கின்றன. மொழிபெயர்ப்பில் எது நழுவியது என்று கண்டறியத் தமிழறிந்த சட்ட மாணவன் வேண்டும். யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் அதற்கென நான்காண்டு புலமைப்பரிசில் நாடுவானாயின், அக்கோப்புகளை ஆக்கிய நாடுகளின் நிதிக்கே பெரும்பாலும் விண்ணப்பிக்க வேண்டியவனாகின்றான்.