செனட்டர் பைர்டின் நாவன்மை

சட்டமன்றப் பேச்சை இலக்கியமாகக் கொண்டு ஆராயும் வழக்கம் நம்மிடையே குறைவு. மேடைப் பேச்சைப் போற்றுகிறோம். குத்பாவின் நடை பற்றிக்கூட வாதிடுகிறோம். மன்றத்தில் ஒலித்து, நடவடிக்கைக் குறிப்பேட்டில் அச்சாகி, நூலகத்தில் உறங்கும் உரைகளைத் தேடிப் படிப்பவர் அரியர். அமெரிக்க மேலவையாகிய செனட்டில் 1959 முதல் 2010இல் இறக்கும் வரை 51 ஆண்டுகள் வீற்றிருந்த ராபர்ட் பைர்டின் உரைகள்பால் நம் கருத்து சென்றதற்கும் ஈராக் போரே காரணம். 2003இல் அவர் ஆற்றிய இரண்டு உரைகள் உலகெங்கும் கைமாறின. முஸ்லிம் ஏடுகள் பலவும் அவரைப் புகழ்ந்தன. அவருடைய பிற உரைகளையும் பார்த்திருந்தால் அப்புகழ்ச்சியின் தொனி சற்று மாறியிருக்கும்.

பைர்ட் 1917இல் பிறந்தவர். மறு ஆண்டே அன்னை விஷக்காய்ச்சலுக்குப் பலியானார். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உறவினர் அவரை வளர்த்தனர். பெட்ரோல் நிலையம், இறைச்சிக் கடை, கப்பல் கட்டும் தளம் என்று பல இடங்களில் உழைத்தார். பல ஆண்டுகள் இரவில் பயின்று அவர் சட்டப் பட்டம் பெற்றது 1963இல். அப்பொழுதே அவர் செனட்டர். காலந்தாழ்ந்து கற்றவரிடம் ஓர் அவா உண்டு: கற்றது அனைத்தையும் காட்டிவிட வேண்டும் என்பது. நம் மத்ரஸாக்களிலும் இதைக் கண்டிருக்கிறோம். பைபிளும் ரோமாபுரி வரலாறும் பழங்கவிதையும் அவர் பேச்சில் இடைவிடாது வந்து விழும். சட்டைப் பையில் எப்பொழுதும் அரசியல் சட்டத்தின் சிறு பிரதி ஒன்று இருக்கும். வேண்டும்போது அதை எடுத்து உயர்த்திக் காட்டுவார்.

இந்த அவாவின் முழு விளைச்சல் 1993ஆம் ஆண்டின் பதினான்கு உரைகள். வரவுசெலவு மசோதாவில் ஒப்பமிட்ட பின் தமக்குப் பிடிக்காத செலவினங்களை மட்டும் அடித்துவிடும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு வழங்கலாமா என்பது அன்றைய பிரச்சினை. பைர்ட் அதை எதிர்த்தார். எதிர்ப்பதற்கு ரோமானிய செனட்டின் வரலாற்றையே ஆதியோடந்தமாக, கையில் குறிப்பின்றி எடுத்துரைத்தார். ரோமானிய செனட்டை எவரும் பறிக்கவில்லை, அது தன் அதிகாரத்தைத் தானே ஒவ்வொன்றாகக் கைவிட்டது, பிறகு குடியரசும் போயிற்று என்பதே சாரம். இவற்றின் உழைப்பை நாம் மெச்சுகிறோம். ஆயினும் இன்பம் காணவில்லை. போர்களும் தளபதிகளும் ஆண்டுகளும் அணிவகுத்துச் செல்ல, கருநாணயமாகிய வாதம் எங்கோ அடியில் கிடக்கிறது. அரபு அணியியலார் ‘இத்னாப்’ என்பர். பயன் கருதிச் சொல்லைப் பெருக்குதல். பயனின்றிப் பெருகினால் அது குற்றம். பைர்ட் இவ்வெல்லையைப் பன்முறை கடக்கிறார். 1996இல் அச்சட்டம் நிறைவேறியது. அவர் வழக்குத் தொடர்ந்தார். அவருக்கு வழக்காடும் தகுதியில்லை என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 1998இல் வேறு வழக்கொன்றில் அதே நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. வாக்கில் தோற்றார், வழக்கில் தோற்றார்; வாதம் மட்டும் நின்றது.

இனி 2003 பிப்ரவரி 12ஆம் நாள் உரைக்கு வருவோம். ஈராக்கின் மீது படையெடுக்கும் அதிகாரத்தை முந்தைய அக்டோபரிலேயே 77க்கு 23 என்ற வாக்கில் செனட் ஜனாதிபதி புஷ்ஷிடம் ஒப்படைத்துவிட்டது. போரைப் பிரகடனம் செய்வது காங்கிரசின் உரிமை என்று பையிலிருந்த அந்தப் பிரதி கூறுகிறது. அதைச் சுட்டி அக்டோபரிலேயே பைர்ட் மன்றாடினார், பலிக்கவில்லை. பிப்ரவரியில் போர் வாயிற்படிக்கு வந்துவிட்டது. மன்றமோ மௌனமாக இருந்தது.

அந்த மௌனத்தையே அவர் பொருளாக எடுத்துக்கொண்டார். இங்கே ரோமாபுரி இல்லை. முதற் குற்றச்சாட்டு ஜனாதிபதி மீது அன்று, தாம் அமர்ந்திருக்கும் மன்றத்தின் மீது. ஒரு நாடு போருக்குப் புறப்படுகிறது, அதன் நன்மை தீமையை எடைபோட இங்கு விவாதமே இல்லையே என்கிறார். பிறகு வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எத்தனை உயிர் போகும்? வென்றபின் அந்நாட்டை யார் ஆள்வது? எத்தனை காலம் அங்கே தங்குவது? நேற்றுவரை நட்பாக இருந்த நாடுகளை ஏன் பகைக்கிறோம்? இன்று அச்சுறுத்தாத, நாளை அச்சுறுத்தக்கூடும் என்று ஐயுறப்படும் நாட்டை முந்திச் சென்று தாக்கலாம் என்னும் கொள்கை உலகை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? இரகசியச் செய்தி எதுவும் இதில் இல்லை. எந்தக் குடிமகனும் கேட்டிருக்கக்கூடிய வினாக்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப்படாத வினாக்கள்.

இறுதிப் பகுதியில் அவர் ஈராக்கின் மக்களைப் பற்றிச் சொல்கிறார்: அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர்கள். அத்தகைய நாட்டின் மேல் குண்டு பொழிவதை உயர்ந்த ஒழுக்க மரபென்று ஒரு ஜனாதிபதி எவ்வாறு கூறலாம் என்று கேட்கிறார். உரையில் நெஞ்சைத் தொடும் இடம் இதுவே. அழுகுரல் இல்லை, உவமை இல்லை. ஒரு கணக்கு, ஒரு கேள்வி. இதுவே ‘ஈஜாஸ்’, சுருங்கச் சொல்லல். நிலைமை எதை வேண்டுகிறதோ அதற்கிசையப் பேசுவதே பலாகத் என்று பாடம் நடத்துகிறோமே, அந்த ‘முக்தளல் ஹால்’ என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் நாம் காணவில்லை. போர் தொடங்குவதற்குச் சற்று முன், மார்ச் 19இல், தம் நாட்டை எண்ணி அழுவதாக அவர் ஆற்றிய உரை அதிகப் புகழ் பெற்றது. உணர்ச்சி அதில் மிகுதி. நாம் பிப்ரவரி உரையையே மேலாகக் கொள்வோம். போருக்குக் காரணம் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் ஈராக்கில் இல்லை என்று 2004இல் அமெரிக்காவின் ஆய்வுக் குழுவே அறிக்கை தந்தது.

இந்த முதியவருக்கு அத்தெளிவு எங்கிருந்து வந்தது? வியட்நாம் போருக்கு வழி திறந்த டோங்கின் தீர்மானம் 1964 ஆகஸ்டில் செனட்டில் 88க்கு 2 என நிறைவேறியபோது, அந்த 88 பேரில் பைர்டும் ஒருவர். அதற்காகப் பின்னர் வருந்தினார். 2002இல் அதை மன்றத்துக்கு நினைவூட்டினார். ஒரு முறை ஏமாந்தவரின் எச்சரிக்கை அது.

அதே 1964இல், இரண்டு மாதங்களுக்கு முன், அதே மன்றத்தில் பைர்ட் வேறோர் உரை நிகழ்த்தியிருந்தார். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்கும் குடியுரிமை மசோதாவைத் தடுக்கும் பொருட்டு, ஜூன் 9 இரவு தொடங்கி மறுநாள் காலை வரை, 14 மணி 13 நிமிடம் பேசினார். இளமையில் அவர் கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் இனவெறிக் கூட்டத்தில் சேர்ந்து ஆள் திரட்டியவர். ஜூன் உரையிலும் அதே அரசியல் சட்டம், அதே பைபிள், அதே நினைவாற்றல். மாநிலங்களின் உரிமைக்காக அது நின்றது. உணவு விடுதியில் இடம் மறுக்கப்பட்டவனுக்காக நிற்கவில்லை. அவர் அமர்ந்த சிறிது நேரத்தில் 71க்கு 29 என்ற வாக்கில் விவாதம் முடித்துவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார்.

பிற்காலத்தில் இவற்றுக்காக அவர் வெளிப்படையாகப் பலமுறை வருத்தம் தெரிவித்தார். 2010இல் அவர் மறைந்தபோது, கறுப்பின மக்களின் உரிமைக்கு 1909 முதல் உழைத்துவரும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பே இரங்கல் வெளியிட்டது. மன்னிக்கும் உரிமை அவர்களுடையது. அதில் நாம் தலையிடுவதற்கில்லை. திறனாய்வாளனின் வேலை வேறு. 2003ஐக் கொண்டு 1964ஐ மூடுவோரும், 1964ஐக் காட்டி 2003ஐத் தள்ளுவோரும் உரைகளைப் படிப்பதில்லை, ஆளைப் படிக்கின்றனர். இரண்டையும் அருகருகே வைத்தால், நாவன்மையும் சட்ட ஞானமும் எவ்வழக்குக்கும் ஊழியம் செய்யும் என்பது தெரிகிறது. முன்னதில் முடிவின் சுமையைத் தாங்கப்போகிறவர் பேச்சாளரின் கண்ணுக்குப் படவில்லை. பின்னதில் பாக்தாதின் சிறுவர்கள் பட்டார்கள். இடையிலும் அவர் சறுக்கினார்: 2001இல், காவல் துறையின் கைக்கு அளவிறந்த அதிகாரம் தந்த தேசபக்திச் சட்டத்துக்கு ஒருவர் தவிர 98 பேர் வாக்களித்தனர், பைர்ட் அந்த 98இல் இருந்தார், அதற்கும் பிறகு வருந்தினார்.

பிப்ரவரி உரை கால் மணிப் போதில் படித்துவிடக்கூடியது. அதைத் தமிழில் பெயர்க்க வல்ல இளைஞர்கள் நம்மிடையே இருக்கின்றனர். பெயர்ப்பவர் ஜூன் உரையிலிருந்தும் சில பக்கங்களைத் தெரிந்தெடுத்து அதே நூலில் முன்னால் சேர்க்க வேண்டுகிறோம்.