பின்பாட்டுக்காரரின் குரல்

பல்குரல்தன்மை என்ற சொல்லை, 1929இல் தஸ்தயெவ்ஸ்கி பற்றி எழுதிய பக்தின், இசையிலிருந்து நாவலுக்கு எடுத்துப்போனார். நாம் அதை நாவலிலேயே தேடிக்கொண்டிருக்கிறோம். பாட்டில் அது எப்படி இருக்கிறது? ஜார்ஜியாவின் குரியா பகுதியில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று வேறு மெட்டுகளைப் பாடுகிறார்கள். யாரும் யாருக்கும் துணைக்குரல் இல்லை.

நம்ம கொங்குப் பக்கம் கதை வேறு. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகையில் ஒருவர் அடி எடுக்க, பின்பாட்டுக்காரர் அதை வாங்கி முடிக்கிறார். 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிந்தது இந்தக் கதையைத்தான். பாட்டைக் கதையாகச் சுருக்கி அச்சிடும்போது இரண்டாம் குரல்தான் முதலில் உதிர்கிறது.

அச்சில் நடப்பது இயக்கத்திலும் நடக்கிறது என்பேன். திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்கள். ஆனால் நம் ஊர்வலங்களில் இன்றும் ஒருத்தர் கோஷம் எடுக்கிறார், மத்தவங்க திருப்பிச் சொல்றாங்க. பின்பாட்டுக்காரராவது அடியை முடித்துவைப்பார். செக்கிங் மேசைப் பெண்ணுக்கும் ஒடிசாவிலிருந்து வந்த டெய்லருக்கும் அந்த இடம்கூட இல்லை.

வேறுவேறு குரலை விட்டால் ஒற்றுமை போயிடும்ங்கிறாங்க தோழர்கள். குரியாக்காரர்களின் மூன்று மெட்டுகளும் கடைசியில் ஒரே சுரத்தில் வந்து நிற்பதுண்டு. அதுவரைக்கும் ஒவ்வொருவரும் தன் வழியில்தான் வருகிறார்கள்.