நான்கு போல்ட், ஒரு பின்: டிரெய்லர் இணைப்புக்கு எதை வாங்குவது?

டிராக்டர் வாங்கும்போது ஹெச்.பி. கேட்கிறோம், டயர் அளவு கேட்கிறோம், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கும் என்று கேட்கிறோம். டிரெய்லரை அதோடு பிணைக்கும் போல்ட்டுக்கும் பின்னுக்கும் மட்டும் பட்டறையில் கிடப்பதை எடுத்து மாட்டிவிடுகிறோம். ஐந்து டன் கரும்பு ஏற்றிய டிரெய்லர் மேடேறுவது அந்தப் பின்னை நம்பித்தான். பின்னால் டூவீலரில் குழந்தையோடு வருகிறவரும் அதை நம்பித்தான் வருகிறார்.

ஆகவே ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் இணைப்புச் சாமான்களை ஒரு அறுவடைப் பருவத்தில் மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். வண்டி 45 ஹெச்.பி. டிராக்டர். இழுத்தது இரண்டு சக்கர டிப்பர் டிரெய்லர். சுமையோடு சேர்த்து சுமார் ஆறு டன். டிரெய்லர் முன்முனையின் வளையத் தகட்டை, டிராபாரின் சேனலோடு நான்கு எம்16 போல்ட்டுகள் பிடிக்கின்றன. அந்த வளையத்தை டிராக்டரின் தாடைக்குள் வைத்து மேலிருந்து பின்னை இறக்க வேண்டும். பாதை பெரும்பாலும் மண். இடையில் ஒரு ஓடைக்கரை ஏற்றம். மலிவான சாமான்களை வயல் பாதையில் மட்டும், காப்புச் சங்கிலி மாட்டிய பிறகே சோதித்தேன்.

எவ்வளவு இழுப்பு?

பத்தடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் ஆறு டன் வண்டி பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 600 கிலோ. பொதபொதவென்ற மண்ணில் சக்கரம் அழுந்தி உருள்வதற்கு இன்னும் அதே அளவு வேண்டும். ஆக, நிதானமாகப் போனாலே 1.2 டன். கிளட்சை வெடுக்கென்று விட்டாலோ, பள்ளத்தில் இறங்கி ஏறினாலோ விழும் ஜெர்க் இதைப் பல மடங்காக்கிவிடும். சாமான் வாங்கும்போது அந்த ஜெர்க்கைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

போல்ட்: தலையைப் பாருங்கள்

கடையில் சும்மா “எம்16 போல்ட் கொடுங்க” என்றால் கைக்கு வருவது எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) போல்ட். அதன் தலையில் 4.6 என்று இருக்கும், பல நேரம் ஒன்றுமே இருக்காது. ஹைடென்சைல் என்று கேட்டால் 8.8 வரும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அறுபடும் வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். அதில் பத்தில் எத்தனை பங்கு வந்ததும் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. 8.8 என்றால் 800-ல் அறுபடும், 640-ல் நீளும். 4.6 போல்ட் 240-லேயே நீண்டுவிடும்.

இந்த வித்தியாசத்தை ஸ்பேனர் பிடித்த கையிலேயே உணரலாம். 8.8 போல்ட்டை டார்க் ரெஞ்சால் 200 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன். கடைசிவரை இறுக்கம் ஏறிக்கொண்டே போனது. எம்.எஸ். போல்ட் அந்த அளவை எட்டும் முன்பே இறுக்கம் ஏறாமல் சுழலத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் மரைகளுக்கு இடையே கழுத்து மெலிந்திருந்தது. அது இனி எதற்கும் உதவாது.

இங்கே போல்ட்டின் வேலை இழுப்பைத் தன் உடம்பில் தாங்குவதன்று. இரண்டு தகடுகளையும் நகராதபடி அழுத்திப் பிடிப்பது. சரியாக இறுக்கிய 8.8 எம்16 ஒவ்வொன்றும் சுமார் ஆறு டன் அழுத்தம் தரும். நான்கும் சேர்ந்து தரும் உராய்வுப் பிடிமானம் ஏறத்தாழ ஐந்து டன் இழுப்பு வரை தகட்டை நகரவிடாது. எம்.எஸ். போல்ட்டைப் பாதுகாப்பாக 80 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் இறுக்கலாம். அதில் பிடிமானம் இரண்டு டன்னில் நின்றுவிடும். அதைத் தாண்டும் ஜெர்க்கில் தகடு மயிரிழை வழுக்கும். வழுக்க வழுக்க நட் தளரும், துளை முட்டை வடிவமாகும், ஒரு நாள் போல்ட் வெட்டுப்படும்.

8.8 வாங்கினாலும் கைபோன போக்கில் இறுக்கினால் பயனில்லை. சாதாரண 24 ஸ்பேனர் ஓரடி நீளம்தான். அதில் 200 நியூட்டன் மீட்டர் வர 65 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். பெரும்பாலும் பாதிதான் கொடுக்கிறோம். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் கைப்பிடியை இரண்டடியாக நீட்டும் பைப்பைச் செருகி, முனையில் 33 கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும்.

சென்னை பாடியில் 1966-ல் தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸின் டி.வி.எஸ். போல்ட்டுகள் ஊர் ஊராகக் கிடைக்கின்றன. எந்தக் கம்பெனியானாலும் சரி, தலையில் தயாரிப்பாளர் முத்திரையும் தர எண்ணும் சேர்ந்து இருக்கட்டும். முழு மரை போல்ட் வேண்டாம். தகடுகள் சந்திக்கும் இடத்தில் மரை இல்லாத தண்டு வரும்படி அரை மரை போல்ட்டை அளந்து வாங்குங்கள். “இன்னும் பலமா இருக்கட்டும்” என்று 12.9-க்குப் போகவும் வேண்டாம். துத்தநாக மின்முலாம் பூசிய 12.9 போல்ட், முலாம் பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜனால் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும்.

ஒரு பழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். போல்ட் கழலக் கூடாது என்று தலையையும் நட்டையும் வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். சூடேற்றிக் குளிரவைத்து வலுவூட்டிய எஃகுதான் 8.8. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த வலு போய்விடும்.

நட், வாஷர்

8.8 போல்ட்டுக்கு 8 என்று குத்திய நட் வேண்டும். சாதா நட் போட்டால் மரை உரிந்துவிடும். நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயிண்டில் கோடு இழுத்துவைத்து, ஒவ்வொரு சுமைக்குப் பிறகும் பார்த்தேன். ஸ்பிரிங் வாஷர் போட்டு அரைகுறையாக இறுக்கிய நட்டில் கோடு விலகிவிட்டது. குறுக்கு அதிர்வில் இணைப்பு எப்படித் தானாகக் கழல்கிறது என்று கெர்ஹார்ட் யுங்கர் 1969-லேயே சோதனையில் காட்டியிருக்கிறார். அதைத் தடுப்பது முதலில் போதிய இறுக்கம். ஸ்பிரிங் வாஷர் அதற்கு ஈடாகாது. நைலாக் நட்டும் கெட்டியான தட்டை வாஷரும் போட்டுச் சரியாக இறுக்கியபோது பருவம் முடியும்வரை கோடு நகரவில்லை. நைலாக்கைக் கழற்றினால் புதிதாகப் போடுங்கள்.

தகடுகளுக்கு இடையே தடித்த பெயிண்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். அழுத்தத்தில் பெயிண்ட் நசுங்கி, இறுக்கம் தானாகக் குறையும். முதல் சுமை இறக்கியதும் ஒருமுறை மறுபடி இறுக்குவது நல்லது.

பின்: அறுவதில்லை, வளைகிறது

25 மி.மீ. எம்.எஸ். பின்னை இருபுறமும் வெட்டி அறுக்க இருபது டன்னுக்கு மேல் வேண்டும். அதனால் அறுந்துபோகுமோ என்ற பயம் வேண்டாம். அது வளைவதுதான் பிரச்சினை. தாடையின் இடைவெளி 75 மி.மீ., வளையம் 25 மி.மீ. என்றால், பள்ளத்தில் வளையம் துள்ளிப் பின்னின் நடுப்பகுதிக்கு வரும்போது ஒவ்வொரு ஜெர்க்கும் அதை வளைக்கப் பார்க்கும். எம்.எஸ். பின்னைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வளைந்த பின் துளைக்குள் சிக்கி, சுத்தியல் இல்லாமல் வெளியே வராது.

லேத்தில் கடைந்து வாங்குவதானால் இ.என்-8 எஃகுக் கம்பியில், தாடைத் துளை இடம் கொடுத்தால் 32 மி.மீ. விட்டத்தில் செய்யச் சொல்லுங்கள். 25-லிருந்து 32-க்குப் போனால் வளைவைத் தாங்கும் திறன் இரண்டு மடங்காகும். கட்டடக் கம்பித் துண்டையோ நீள போல்ட்டையோ பின்னாகப் போடாதீர்கள். தாடையில் மிச்சமுள்ள இடத்தை புஷ் வைத்துக் குறைக்கலாம். ஆனால் மேடுபள்ளத்தில் வளையம் ஆட இடம் விட வேண்டும்.

பின்னின் தலை எப்போதும் மேலே இருக்கட்டும். கீழ்த் துளையில் கட்டுக்கம்பி முறுக்கினால் சில நாளில் தேய்ந்து அறும். ஆர் கிளிப்பைச் செடிகொடி இழுத்துவிடும். வளையம் மடிந்து பூட்டிக்கொள்ளும் லிஞ்ச் பின்தான் எங்கும் நழுவவில்லை. அதைச் சிறு சங்கிலியில் வண்டியோடு கட்டிவிட்டால் தொலையாது.

சங்கிலி

பெரும்பாலான டிரெய்லர்களில் இல்லாதது காப்புச் சங்கிலி. 10 மி.மீ. கிரேடு 80 சங்கிலியின் வேலைச் சுமை 3.15 டன். இரண்டு துண்டு வாங்கி, டிராபாருக்கு அடியில் குறுக்காகப் பின்னி, பின்னோடு சம்பந்தமில்லாத வேறு இடத்தில் டி ஷேக்கிளால் மாட்டுங்கள். பின் கழன்றாலும் டிராபார் சங்கிலித் தொட்டிலில் விழும். ரோட்டில் குத்தி வண்டி கவிழாது. திருப்பத்துக்குத் தேவையான தொய்வு போதும், தரையில் இழுபடக் கூடாது.

தீர்ப்பு

வாங்க வேண்டியவை: நான்கு எம்16 8.8 அரை மரை போல்ட், 8 முத்திரையுள்ள நைலாக் நட், கெட்டி வாஷர், இ.என்-8 பின், லிஞ்ச் பின், கிரேடு 80 சங்கிலி இரண்டு. எம்.எஸ். போல்ட்டுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசம், கரும்பு சீசனில் ஒருமுறை டேங்க் நிரப்பும் காசுக்கு முன் பெரிதல்ல. எந்தச் சாமான் வாங்கினாலும், டிரெய்லரை ஒருபோதும் டாப் லிங்க் பிராக்கெட்டில் மாட்டாதீர்கள். அச்சுக்கு மேலே இழுப்பு விழுந்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுநர் மேலேயே கவிழும்.

சுமை ஏற்றும் முன் ஒரு நிமிடம் குனிந்து, பெயிண்ட் கோடு நேராக இருக்கிறதா, லிஞ்ச் பின் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநரை வேறு ஆளாக வைத்திருந்தால் அவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.