இரண்டு குரல்களும் ஒரு பாட்டும்

சங்கீத விமரிசனம் செய்ய எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஸ்வர ஞானம் எனக்குக் கிடையாது. ஆனால் இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், அவர்களுக்குள் என்ன மனஸ்தாபம் என்று மோப்பம் பிடிப்பது கதை எழுதுகிறவனின் தொழில். அந்தத் தொழில் புத்தியோடுதான், பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் என்ற இரு அமெரிக்கர்கள் 1970 ஜனவரியில் வெளியிட்ட 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' இசைத்தட்டைக் கேட்டேன். கொந்தளிக்கும் தண்ணீருக்கு மேல் ஒரு பாலம் என்று அர்த்தம். அந்த ஜோடி புதுப்பாட்டுகளோடு சேர்ந்து வெளியிட்ட தட்டுகளில் அதுவே கடைசி.

இருவரும் நியூயார்க்கில் க்வீன்ஸ் பகுதிப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் 'ஆலிஸ்' நாடகம் போட்டபோது சைமன் வெள்ளை முயல், கார்ஃபங்கல் பூனை. அங்கே பிறந்த சிநேகம். எவர்லி சகோதரர்களின் பாட்டைக் கேட்டுக் கேட்டு அதே மாதிரி பாடப் பழகினார்கள். 1957ல், பதினாறு வயதில், 'டாம் அண்ட் ஜெர்ரி' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு தட்டும் வெளியிட்டார்கள். டாம் என்பது கார்ஃபங்கல். இந்தப் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் கச்சேரியில் இருவர் சேர்ந்து பாடினால் இருவரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பிடிக்கிறார்கள். இவர்களுடைய சம்பிரதாயம் வேறு. ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதே சொற்களை அதே கணத்தில் இன்னொரு ஸ்வரத்தில் பாடுகிறார். பெரும்பாலும் சைமன் கீழே, கார்ஃபங்கல் மேலே. சொல்லின் நுனியும் மூச்சு எடுக்கும் இடமும்கூட ஒன்றாக விழ வேண்டும். ஒருவர் சற்று முந்திக்கொண்டாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். தாம்பத்தியத்தில்கூட இத்தனை கட்டுப்பாடு கிடையாது.

'தி பாக்ஸர்' என்ற பாட்டில் இதன் உச்சத்தைக் கேட்கலாம். அதைப் பதிவு செய்ய 100 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டார்களாம். எதிரொலிக்காகக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தேவாலயத்துக்கும் போயிருக்கிறார்கள். பல்லவியில் சொல்லே இல்லை, வெறும் அசைகள்தாம். வார்த்தை அகப்படாமல்தான் அப்படி விட்டேன் என்று சைமன் ஒப்புக்கொண்டிருக்கிறார். வார்த்தை அகப்படாத இடத்தில் நாங்களெல்லாம் அரைப் பக்கம் வர்ணனை எழுதி நிரப்புகிறோம். அவருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. பிழைத்தார்.

இனி மனஸ்தாபத்துக்கு வருவோம். 1969ல் 'காட்ச்-22' என்ற படத்தில் நடிக்கக் கார்ஃபங்கல் மெக்ஸிகோவுக்குப் போய்விட்டார். சைமனுக்கும் அதில் ஒரு வேஷம் இருந்தது, அதை நீக்கிவிட்டார்கள். தனியாக நியூயார்க்கில் இருந்தவர் 'தி ஒன்லி லிவிங் பாய் இன் நியூயார்க்' எழுதினார். விமானம் ஏறும் நண்பனை அதில் அவர் 'டாம்' என்று கூப்பிடுகிறார். பதினாறு வயதுப் பெயர்! கோபித்துக்கொள்ளும்போது பழைய செல்லப் பெயர் வாயில் வருவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். விசேஷம் என்னவென்றால், பாட்டின் பின்னே அடுக்கடுக்காக எழும் குரல்களில் கார்ஃபங்கலின் குரலும் இருக்கிறது. தன்னைப் பற்றிய ஏக்கத்துக்குத் தானே பின்பாட்டுப் பாடுகிறார். இப்படி ஒரு காட்சியை நாவலில் எழுதினால் மிகையாக இருக்கிறது என்பார்கள்.

தலைப்புப் பாட்டை எழுதியவர் சைமன். அது கார்ஃபங்கலின் குரலுக்கே உரியது என்று தீர்மானித்து அவரிடம் கொடுத்தார். லாரி நெக்டெலின் பியானோவோடு அந்தக் குரல் ஒண்டியாகத் தொடங்கி, ஏறி ஏறி, கடைசிச் சரணத்தில்தான் மற்ற வாத்தியங்கள் புடைசூழ நிமிர்கிறது. அந்தச் சரணத்தில் சைமனின் குரலும் வந்து சேர்ந்துகொள்கிறது. மேடையில் கார்ஃபங்கல் அதைப் பாடி முடித்துக் கைதட்டல் அதிரும்போது, ஓரத்தில் நின்ற சைமனுக்கு, 'அது என் பாட்டல்லவா' என்று இருந்ததாம். பின்னாளில் அவரே சொன்னது.

இதைப் படித்துச் சிலர் சைமனை அற்பர் என்று நினைக்கலாம். நான் நினைக்கமாட்டேன். கொடுத்தது மனசார, வலித்ததும் மனசார. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடாதா? அந்தக் கைதட்டல் எழுதினவனுக்கா, பாடினவனுக்கா என்ற வழக்குக்குத் தீர்ப்பு கிடையாது. சைமனே இன்னொருவர் விஷயத்தில் இதே வழக்கில் மாட்டிக்கொண்டார். இந்தத் தட்டிலுள்ள 'எல் கொண்டோர் பாஸா' மெட்டை நாட்டுப்பாடல் என்று எண்ணி எடுத்தாண்டார். அது 1913ல் பெரு நாட்டு டேனியல் அலோமியா ரோப்ளெஸ் அமைத்தது என்று அவருடைய மகன் வழக்குத் தொடர்ந்தார்.

குறைகள் உண்டு. 'பேபி டிரைவர்', 'வொய் டோன்ட் யூ ரைட் மீ' இரண்டும் இடத்தை அடைக்க வந்தவை என்பது என் அபிப்பிராயம். பன்னிரண்டாவது பாட்டு எது என்பதில் இருவரும் உடன்படவில்லை, பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பதினொன்றின் வரிசையைப் பாருங்கள். முதல் பாட்டைத் தொடங்குவது கார்ஃபங்கல் தனியாக. கடைசிப் பாட்டு, 'சாங் ஃபார் தி ஆஸ்கிங்', சைமன் தனியாக. கேட்டால் தருகிறேன் என்பதுபோல் சின்னஞ்சிறு பாட்டு. அதற்கு முந்தியதோ, சிறுவயதில் ஆதர்சமாகக் கொண்ட எவர்லி சகோதரர்களின் 'பை பை லவ்', ரஸிகர் கூட்டத்தின் முன் பாடியது. பிரிவதற்கு முன் ஒருதரம் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டு வருகிறார்கள்.

1971ல் கிராமிப் பரிசுகள் இந்தத் தட்டின்மேல் குவிந்தபோது ஜோடி கலைந்திருந்தது. 1981 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மறுபடி சேர்ந்து பாடினார்கள். சுமார் 5 லட்சம் பேர் கூடினார்கள் என்று கணக்கு. அன்றும் அந்தப் பாலத்துப் பாட்டைப் பாடியவர் கார்ஃபங்கல்தான். சைமன் அப்போது என்ன நினைத்திருப்பார் என்றுதான் என் மனம் போகிறது. தொழில் புத்தி, விடமாட்டேன் என்கிறது.