தொப்பிப் பக்கம்

கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான் உயர்ந்த ரசனை என்று வாதிடும் நண்பர்கள் எனக்குண்டு. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததுமே தியானத்தில் ஆழ்ந்துவிடுவார்கள். ஆழட்டும். எனக்கு மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியில் விழும் கை தெரிந்தாக வேண்டும். மிருதங்கக்காரருக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் வலந்தலைதான் கண்ணை அடைக்கும். அதனால் அரங்கின் வலப்பக்கம் போய் உட்காருவேன். அங்கிருந்துதான் தொப்பியில் எழும் குழைவான கும்கி தெரியும்.

விரல் தட்டிய பிறகும் கும்கி முடிவதில்லை. உள்ளங்கையின் அடி தோலை அழுத்தியபடி நகர, நாதம் மேலேறுகிறது. அந்த நகர்வைப் பார்த்துக்கொண்டே கேட்டால் நாதம் இன்னும் கொஞ்சம் நீள்கிறது. என் பிரமை இல்லை இது. 2007-இல் ஷுட்ஸ், லிப்ஸ்கோம்ப் என்ற ஆய்வாளர்கள், மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவின் கலைஞர் மைக்கேல் பரிட்டின் கைவீச்சை வைத்துச் சோதித்தார்கள். வீச்சு நீளமானால் ஒலியும் நீண்டதாகவே கேட்டவர்கள் சொன்னார்கள். ஒலியில் அப்படி வித்தியாசமே இல்லை. ஏமாந்தவர்கள் இசை படித்தவர்கள். ஆனால் மரிம்பாவில் அடித்த பின் கை செய்வது வெறும் அபிநயம். கும்கியில் கை ஓடுவதும் நிஜம், நாதம் ஏறுவதும் நிஜம்.

கும்கி என்றால் எனக்கு மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளைதான். பாலக்காடு மணி ஐயரின் கணக்குக்கும் கம்பீரத்துக்கும் ஆயுள் சந்தா கட்டியவர்கள் கோபிக்கலாம். தொப்பியின் குழைவுக்கு நான் பழனியிடம்தான் போவேன். அவர் இடக்கைக்காரர். அவர் வாசிக்க வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்கே முகம் சுளித்தவர்கள் இருந்த காலத்தில் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1962-இல் காலமானவரை நான் எங்கே பார்ப்பது? ஒலிப்பதிவுதான். ஆனாலும் சிறுவயதில் கொஞ்சம் சாதகம் செய்த புண்ணியம், கும்கி கேட்டால் என் கை தானாக நகர்கிறது. பியானோக்காரர்கள் சும்மா கேட்கும்போதே அவர்கள் மூளையில் விரல்களை இயக்கும் பகுதி விழித்துக்கொள்வதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

சும்மா கேட்டுக் கேட்டே கண்ணையும் காதையும் பிணைக்கும் கூர்மை வந்துவிடும் என்பதை நான் நம்புவதில்லை. ஜெர்மனியின் டூபிங்கனில் லீயும் நொப்பெனியும் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், படமும் ஒலியும் பிசகும்போது பியானோக்காரர்கள் மற்றவர்களைவிட நுட்பமாகக் கண்டுபிடித்தார்கள். அதுவும் பியானோவில் மட்டும். பேச்சில் அந்தச் சாமர்த்தியம் இல்லை. பேச்சைத்தான் எல்லோரும் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோமே! விரல் பழகிய வாத்தியத்தில்தான் கண்ணும் காதும் இறுகிப் பிணைகின்றன.

இப்போது அரங்கிலேயே பெரிய திரை வைத்துவிட்டார்கள். படம் கேமராவிலிருந்து திரைக்கு வருவதற்குள் ஸ்பீக்கர் முந்திக்கொள்கிறது: முதலில் சாப்பு அடியின் ஒலி, பிறகு விரல். ஒலி பிந்தி வந்தால் மூளை பொறுத்துக்கொள்ளும். 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நாதம் வர 0.1 விநாடி ஆகும், யாரும் கவலைப்படுவதில்லை. ஒலி முந்தி வந்தால் எரிச்சல்தான். இயற்கையில் அப்படி நடப்பதே கிடையாதே. நேரலையிலும் பல நாள் இதே கோளாறு. பணம் கட்டிப் பார்ப்பவர்கள் கேட்டால், உங்கள் இணைய வேகத்தைச் சரிபாருங்கள் என்று பதில் வருகிறது. வேகத்தைக் கூட்டினால் பிசகிய படம் தடங்கலில்லாமல் வரும், அவ்வளவுதான். அதையாவது சகித்துக்கொள்ளலாம். தனியை முடிக்கும் கோர்வை மூன்றாவது முறை வரும்போது கேமராவை முதல் வரிசைப் பட்டுப் புடவைகள் பக்கம் திருப்புகிறார்களே, அதற்கு என்ன செய்வது?