கணையக் கசிவும் கரையும் வலையும்

உயிரியல் பாடத்தில் கணையத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் இச்சுரப்பி, புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நீரைக் குடலுக்கு அனுப்புகிறது. குடலுக்குள் இருக்கும்வரை அந்நீர் நமக்கு நண்பன். வயிற்றறைக்குள் கசிந்துவிட்டாலோ, நம் தசையையே அது செரிக்கத் தொடங்கும்; சீழ் பிடிக்கும்; அருகிலுள்ள இரத்தக் குழாயை அரித்து உயிருக்கே உலை வைக்கும்.

கட்டியின் காரணமாகக் கணையத்தின் வால் பகுதியை வெட்டி எடுக்கும்போது இந்த அபாயம் நேர்கிறது. வெட்டிய முகத்தை மூடியாக வேண்டும். கணையமோ மிக மென்மையானது. இறுக்கித் தைத்தால் நூலே அதை அறுத்துவிடும். கையால் தைப்பது நல்லதா, ஸ்டேப்ளர் கருவியால் உலோக ஊசிகளை வரிசையாக இறுக்குவது நல்லதா என்று ஐரோப்பிய மருத்துவர்கள் குலுக்கல் முறையில் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். ஏழு நாட்களுக்குள் கசிவோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டேப்ளர் பிரிவில் 32 விழுக்காடு. கைத்தையல் பிரிவில் 28 விழுக்காடு. புள்ளியியல் கணக்குப்படி இதை வேறுபாடாகக் கொள்ள முடியாது.

இந்நிலையில்தான் கரையும் வலை வந்தது. பாலிகிளைக்காலிக் அமிலம் என்னும் செயற்கைப் பொருளை இழைகளாக்கி, ஸ்டேப்ளர் ஊசிகளுக்கு அடியில் மெத்தைபோல் வைப்பார்கள். ஆட்டுக்குடலிலிருந்து செய்யும் பழைய நூலை நொதிகள் செரித்துவிடும். இதையோ உடலிலுள்ள நீரே மெல்ல மெல்லச் சிதைக்கிறது. ஆனால் காரத்தன்மை மிகுந்தால் சிதைவு விரைவாகும், கணைய நீரோ காரமானது என்பதையும் நினைவில் வையுங்கள். வேறு உறுப்பில் நன்றாக உழைத்தது என்பதற்காக, கணையத்திலும் உழைக்கும் என்று கொள்வதற்கில்லை.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகர மருத்துவர்கள் 100 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2012இல் தந்த முடிவு வியப்பூட்டியது. வலை வைத்தவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கே தீவிரமான கசிவு; வைக்காதவர்களில் 20 விழுக்காடு. அதே ஆண்டில் இத்தாலியிலிருந்து வேறொரு சோதனை வெளிவந்தது. அதில் வெட்டிய முகத்தில் ஒட்டியது, கரையும் கொலாஜன் ஒட்டு. ஒட்டியவர்களில் 62 விழுக்காடு, ஒட்டாதவர்களில் 68 விழுக்காடு கசிவு!

ஒரே வகை அறுவையில் இரண்டும் அறுபதும் எப்படி வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். எதைக் கசிவு என்று எண்ணினார்கள் என்பதே விடை. 2005இல் ஒரு பன்னாட்டுக் குழு வகுத்த இலக்கணப்படி, மூன்றாம் நாளோ அதற்குப் பின்னரோ வடிகுழாயில் வரும் நீரில் அமிலேஸ் நொதி இரத்தத்தின் இயல்பான அளவைப்போல் மும்மடங்குக்கு மேல் இருந்தால் கசிவுதான். நோயாளி நலமாக நடமாடினாலும் சரி. இத்தாலியர் இவர்களையும் சேர்த்தனர். அமெரிக்கர் முன்வைத்த எண்ணிக்கையில் இவர்கள் இல்லை. இந்த லேசான வகையைக் கசிவு நோய்ப் பட்டியலிலிருந்தே 2016இல் அக்குழு நீக்கிவிட்டது. நல்ல திருத்தம்தான். ஆனாலும் பழைய எண்களைப் புதியவற்றோடு சேர்த்துப் படிப்பவர் ஏமாறுவார்.

அமெரிக்கச் சோதனையில் எனக்குள்ள பெரிய குறை வேறு. வலை வைத்தது நோயாளிக்குத் தெரியாது. வைத்த மருத்துவருக்குத் தெரியும். மருந்து கொடுப்பதா, குழாயை நீடிப்பதா என்று அவர் எடுக்கும் முடிவே கசிவைத் தீவிரமானது என்று ஆக்குகிறது. இங்கே பொய் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கையே தராசைச் சாய்த்துவிடும். மேலும், சுமார் ஐம்பது பேரில் 1.9 விழுக்காடு என்பது ஒரே ஒரு நோயாளி.

பின்னர் வந்தவை என்ன சொல்கின்றன? 2017இல் கொரியாவில், இதே பொருளாலான விரிப்பை 97 பேரிடம் சோதித்தபோது கசிவு 28.3லிருந்து 11.4 விழுக்காடாகக் குறைந்தது. 2019இல் ஜப்பானில் வலை வைத்த ஸ்டேப்ளரோடு 16.3, வெறும் ஸ்டேப்ளரோடு 27.1, தற்செயலாகவும் நேரக்கூடிய வேறுபாடு இது. 2021இல் ஸ்வீடன் மருத்துவர்கள் பயனில்லை என்றே முடித்தனர்.

வலையே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. எண்கள் பெரும்பாலும் வலையின் பக்கமே சாய்கின்றன. ஆனால் கசிவை 20லிருந்து 10 விழுக்காடாக அது குறைக்கிறது என்று நிறுவ, வழக்கமான கணக்குப்படி ஏறத்தாழ 400 நோயாளிகள் வேண்டும். மேலே சொன்ன வலைச் சோதனைகளில் எதிலும் அதில் பாதிப் பேர்கூட இல்லை.